ஊர் ஓடினால் ஒத்து ஓடு: ஷாங்காய் 2015

"ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு" என்று ஒரு பழமொழி உண்டு. கேட்டதும் நியாயமாகத்தான் படும். ஊரே ஓடுகிறது என்றால் ஏதோ இருக்கும், நின்று விசாரித்துக்கொண்டிருந்தால் வெள்ளம் இடுப்புக்கு வந்துவிடும். ஒருத்தன் மட்டும் ஓடினால் அவனுக்குக் கிறுக்கா, இல்லை நிஜமாகவே புலி வருகிறதா என்று கேட்டுவிட்டு ஓடலாம். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஓடுகிற ஆயிரம் பேரும் தங்கள் கண்ணால் எதையோ பார்த்துவிட்டுத்தான் ஓடுகிறார்கள் என்று பழமொழி எடுத்துக்கொள்கிறது. முதல் மூன்று பேர் ஓடியதைப் பார்த்து மீதி 997 பேரும் கிளம்பியிருந்தால்? அப்போது ஊர் ஓடுவதும் ஒருவன் ஓடுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நிறுத்திக் கேட்கத்தான் ஆளில்லை.

இங்கே எடுத்துக்கொள்வது 2014 நடுப்பகுதியிலிருந்து 2016 ஜனவரி வரை சீனப் பங்குச்சந்தையில் நடந்த கதை. வளரும் சந்தைகளில் மந்தைப் போக்கு என்று பேச்செடுத்தாலே எல்லாரும் தொடுகிற உதாரணம்தான். ஆனால் பெரும்பாலும் "பேராசை பிடித்த கூட்டம், கடன் வாங்கிப் போட்டது, விழுந்தது" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது. கூட்டம் எந்தச் சந்தையிலும் இருக்கும். அது எந்தப் பக்கம் ஓடும், எவ்வளவு நெருக்கியடித்துக்கொண்டு ஓடும் என்பதை இங்கே சந்தையின் விதிகள்தான் தீர்மானித்தன, அதிலும் கூட்டத்தைக் காப்பாற்றவென்றே போட்ட விதிகள்.

ஏறிய கதை

2014 நடுவில் ஷாங்காய் குறியீடு (அந்தச் சந்தைப் பங்குகளின் விலை மொத்தத்தில் எப்படிப் போகிறது என்று காட்டும் எண்) 2,000 புள்ளிகளை ஒட்டிப் பல மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. 2015 ஜூன் 12, வெள்ளிக்கிழமை, 5,166 புள்ளிகளில் முடிந்தது, அதுதான் உச்சம். ஒரு வருடத்துக்குள் இரண்டரை மடங்கு. நாட்டின் பொருளாதார வளர்ச்சி வேகமெடுத்த காலமா என்றால் இல்லை, மெதுவாகிக்கொண்டிருந்த காலம். நிறுவனங்களின் லாபம் இரண்டரை மடங்கானதா என்றால் அதுவும் இல்லை. மாறியது வட்டி விகிதம் (2014 நவம்பரில் மத்திய வங்கி குறைக்க ஆரம்பித்தது), ஹாங்காங் வழியாக வெளிநாட்டுப் பணம் ஷாங்காய் பங்குகளை வாங்கத் திறந்த கதவு (அதே நவம்பர்), அப்புறம் மக்களின் பேச்சு.

இந்தச் சந்தையை மற்ற பெரிய சந்தைகளிலிருந்து பிரித்துக் காட்டுகிற விஷயம், நடக்கிற வர்த்தகத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் தனிநபர்கள் கையில் இருந்தது. பங்கு வாங்கி விற்பதற்குச் சீன மொழியில் அன்றாடம் சொல்லும் சொல்லை அப்படியே பெயர்த்தால் "பங்கை வதக்குவது" என்று வரும், வாணலியில் போட்டுப் புரட்டுகிற மாதிரி. அங்கே திரையில் சிவப்பு என்றால் ஏற்றம், பச்சை என்றால் இறக்கம், நமக்குப் பழகியதற்கு நேர் எதிர். சிறு முதலீட்டாளர்களை அவர்களே கிண்டலாகக் கூப்பிடுவது ஒரு கீரையின் பெயரால், வெங்காயத்தாள் மாதிரி இருக்கும், அறுக்க அறுக்கத் துளிர்க்கும். அறுப்பவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் துளிர்ப்பார்கள்.

2015 ஏப்ரல் 13 முதல் ஒரு ஆள் 20 வர்த்தகக் கணக்குகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள், அதற்கு முன்பு ஒன்றுதான். ஏப்ரல் 21 அன்று ஆளும் கட்சியின் நாளிதழ் நடத்தும் இணையதளத்தில், 4,000 புள்ளி என்பது ஏற்றத்தின் தொடக்கம் மட்டுமே என்ற பொருளில் ஒரு கட்டுரை வந்தது. இதை வெறும் பத்திரிகைக் கட்டுரை என்று படித்தால் பாதி விஷயம் தவறிப்போகும். அரசின் மனநிலைதான் விலையை நகர்த்துகிறது என்று எல்லாரும் நம்புவதால், அங்கே இருப்பவர்களே தங்கள் சந்தையைக் "கொள்கைச் சந்தை" என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கட்சிப் பத்திரிகை சொன்னால் அது அந்தப் பழமொழியில் வருகிற "ஒருவன்" இல்லை, ஊருக்கு முன்னால் தண்டோரா போட்டுக்கொண்டு ஓடுபவன்.

அந்தச் சமயத்தில் சீனாவின் ஒரு பல்கலைக்கழகம் குடும்பங்களின் நிதி நிலை பற்றி நடத்திய ஆய்வில், புதிதாகச் சந்தைக்கு வந்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் என்று தெரிய வந்தது. உலகம் முழுக்க இந்த ஒரு எண்ணைத்தான் எடுத்துப்போட்டுச் சிரித்தார்கள். படித்தவர்கள் நிர்வகித்த நிதிகள் அந்த மாதங்களில் ஒதுங்கி நின்றனவா என்ன? ஒரு நிதி மேலாளர் எல்லாரோடும் சேர்ந்து நஷ்டப்பட்டால் "சந்தை விழுந்தது" என்று சொல்லிவிடலாம், தனியாக ஒதுங்கி நின்று ஏற்றத்தைத் தவறவிட்டால் வேலை போய்விடும். ஷார்ஃப்ஸ்டைன், ஸ்டைன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1990இலேயே இதை எழுதிவிட்டார்கள். மந்தையில் சேர்வதற்குப் பள்ளிப் படிப்பு ஒரு தடையே இல்லை.

பந்தும் குடுவையும்

மந்தை என்றதும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்னால் போவது என்று நினைக்கிறோம். 1992இல் பொருளாதார அறிஞர்களான அபிஜித் பானர்ஜியும், தனியாக பிக்சந்தானி, ஹிர்ஷ்லைஃபர், வெல்ச் மூவரும் காட்டியது இதற்கு மாறானது. ஒவ்வொருவரும் சரியாக யோசித்தாலும் மந்தை உருவாகும். 1997இல் ஆண்டர்சனும் ஹோல்ட்டும் இதை மாணவர்களை வைத்துச் செய்து பார்த்தார்கள், விளையாட்டு கிட்டத்தட்ட இப்படி.

இரண்டு குடுவைகள். ஒன்றில் இரண்டு வெள்ளைப் பந்து, ஒரு கறுப்பு. இன்னொன்றில் இரண்டு கறுப்பு, ஒரு வெள்ளை. எந்தக் குடுவை என்று சொல்லாமல் ஒன்றை எடுத்து வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொருவராக வந்து ஒரு பந்தை எடுத்து, மற்றவர்களுக்குக் காட்டாமல் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிட்டு, எந்தக் குடுவை என்று எல்லாருக்கும் கேட்கும்படி ஊகம் சொல்ல வேண்டும். முதல் ஆள் "வெள்ளை" என்கிறார். இரண்டாவது ஆளும் "வெள்ளை". மூன்றாவது ஆள் கையில் வந்தது கறுப்பு. அவர் என்ன சொல்ல வேண்டும்? முன்னால் இரண்டு வெள்ளை, தன்னிடம் ஒரு கறுப்பு, கணக்குப்படி வெள்ளைக் குடுவைக்குத்தான் வாய்ப்பு அதிகம். எனவே தான் பார்த்ததை ஒதுக்கிவிட்டு "வெள்ளை" என்கிறார். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது ஆளுக்கும் அதே நிலைமைதான், யார் கையில் எந்தப் பந்து வந்தாலும் சரி. வெளியிலிருந்து பார்த்தால் ஆறு பேரின் ஒருமித்த கருத்து. உள்ளே இருப்பது இரண்டு பந்து அளவு தகவல்.

வளரும் சந்தையில் இது ஏன் சீக்கிரம் தொற்றுகிறது என்றால், அங்கே தன் பந்தை நம்புவதற்குக் காரணம் குறைவு. கணக்கு அறிக்கையை முழுதாக நம்ப முடியாது, விலை இறங்கும் என்று பந்தயம் கட்டுபவர்களுக்கு வழி குறுகல், நிறுவனத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அப்போது அடுத்தவன் சொல்வதுதான் கிடைக்கிற தகவல்களிலேயே விலை மலிவானது. 1995இன் முதல் பாதியில் பல நாட்டுச் சந்தைகளைப் பார்த்த மார்க், யங், யூ என்ற ஆய்வாளர்கள், சீனா, மலேசியா, போலந்து போன்ற இடங்களில் ஒரே வாரத்தில் 80 சதவீதத்துக்கும் மேலான பங்குகள் ஒரே திசையில் நகர்வது சாதாரணமாக நடப்பதாகக் கண்டார்கள். நல்ல நிறுவனம், கெட்ட நிறுவனம் என்று விலை பிரித்துச் சொல்லவில்லை.

2015 மே மாதம் இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி கிடைத்தது. ஷாங்காயில் பட்டியலிடப்பட்டிருந்த ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனம் தன் பெயரை "பி-து-பி" என்று மாற்றப்போவதாக அறிவித்தது, அதாவது அப்போது எல்லார் வாயிலும் இருந்த 'பி டு பி' (வங்கி இல்லாமல் இணையம் வழியாக ஆளுக்கு ஆள் கடன் கொடுப்பது) தொழிலின் பெயரை ஒலியாக்கி எழுதிய மூன்று சீன எழுத்துகள். அந்தத் தொழில் அவர்களிடம் இன்னும் இல்லை. பங்கு அப்பர் சர்க்யூட் அடித்தது, அதாவது ஒரு நாளில் ஏற அனுமதித்த உச்ச வரம்பைத் தொட்டு நின்றது. வாங்கியவர்களுக்கு இது தெரியாது என்று நான் நினைக்கவில்லை. மற்றவர்கள் வாங்குவார்கள் என்று தெரிந்தது, அது போதும்.

29 நாள் அப்பர் சர்க்யூட்

அந்தக் காலத்தில் சீனாவில் ஒரு பங்கின் விலை ஒரு நாளைக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. இன்று வாங்கியதை இன்றே விற்கவும் முடியாது, மறுநாள்தான். இரண்டுமே கூட்டத்தின் சூட்டைத் தணிக்கப் போட்டவை.

பாவோஃபெங் என்று ஒரு நிறுவனம், கணினியில் வீடியோ பார்க்க உதவும் மென்பொருள் செய்தவர்கள். 2015 மார்ச் 24 அன்று சீனாவின் இன்னொரு பங்குச்சந்தையான ஷென்ஜெனில், வளரும் நிறுவனங்களுக்கான பிரிவில் 7.14 யுவானுக்கு வெளியானது. புதிய பங்குக்கு அப்போது முதல் நாள் மட்டும் 44 சதவீதம் வரை அனுமதி, அந்த 44ஐத் தொட்டது. மறுநாள் 10. அதற்கு மறுநாள் 10. இப்படியே தொடர்ந்து 29 வர்த்தக நாள்கள். கணக்குப் போட்டால் 7.14 என்பது ஏறக்குறைய 148 ஆகிறது. அதோடும் நிற்காமல் பின்னால் 300 யுவானைத் தாண்டியது.

இந்த வரம்பு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? முதல் நாளே தாறுமாறாக ஏறி, விற்பவர்கள் விற்று, சண்டை நடந்து ஏதோ ஒரு விலையில் நின்றிருக்கும், செய்தி ஒரு நாளில் பழசாகியிருக்கும். வரம்பு இருந்ததால் காலையில் சந்தை திறக்கும்போதே 10 சதவீத உயரத்தில் வாங்குபவர் வரிசை நிற்கிறது, விற்க ஆளில்லை, நாளைக்கும் 10 ஏறும் என்று தெரிந்தவன் இன்று ஏன் விற்பான்? ஒவ்வொரு நாள் மாலையும் "இன்றும் அப்பர் சர்க்யூட்" என்று பட்டியலில் பெயர் வருகிறது. ஒரு நாள் செய்தியை 29 நாள் விளம்பரமாக நீட்டிக் கொடுத்தது அந்த விதிதான். நானும் ஒருமுறை, வேறொரு சந்தையில், நாலு நாளாக அப்பர் சர்க்யூட்டில் இருந்த ஒரு பங்கின் வரிசையில் போய் நின்றிருக்கிறேன், நிறுவனம் என்ன தயாரிக்கிறது என்று பார்த்தது ஆர்டர் போட்ட பிறகுதான். வரிசை நீளமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். (பாவோஃபெங் 2020இல் சந்தைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.)

கடன்

தரகு நிறுவனங்கள் வழியாக முறைப்படி மார்ஜின் கடன் (பங்கு வாங்கவென்று தரகர் தரும் கடன்) வாங்க வேண்டும் என்றால் கணக்கில் குறைந்தது 5 லட்சம் யுவான் இருக்க வேண்டும். சிறு ஆளைக் கடனிலிருந்து பாதுகாக்கத்தான் அந்த வரம்பு. அந்த அளவு இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? சந்தைக்கு வெளியே கடன் தருபவர்களிடம் போனார்கள். அங்கே தன் பணத்தைப் போல ஐந்து மடங்கு, சில இடங்களில் பத்து மடங்குகூடக் கிடைத்தது. ஒரே வர்த்தகக் கணக்கைப் பல துணைக் கணக்குகளாகப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் இருந்தது, கடன் கொடுத்தவரின் பணத்துக்கு ஆபத்து என்று எல்லைக்கோடு தொட்டதும் அதுவே விற்றுவிடும். முறையான மார்ஜின் கடன் மட்டும் 2015 ஜூன் 18 அன்று உச்சத்தில் சுமார் 2.27 லட்சம் கோடி யுவான். வெளியே வாங்கிய கடன் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இறங்கிய கதை

ஜூன் 12 வெள்ளிக்கிழமை உச்சம் என்று சொன்னேன். அந்த வார இறுதியிலேயே, வெளிக் கடன்காரர்களுக்குத் தரகு நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்பில் இடம் கொடுக்கக் கூடாது என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் இறுக்கியது. அடுத்த வாரம் குறியீடு 13 சதவீதம் போனது. ஜூன் 26 ஒரே நாளில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 2,000 பங்குகள் லோயர் சர்க்யூட்டில், அதாவது 10 சதவீத இறக்க வரம்பில். மறுநாள் சனிக்கிழமை மத்திய வங்கி வட்டியையும், வங்கிகள் தன்னிடம் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய கையிருப்பு விகிதத்தையும் ஒன்றாகக் குறைத்தது. திங்கட்கிழமை மறுபடி விழுந்தது.

ஒரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், எண்கள் உதாரணத்துக்கு. ஒருவரிடம் சொந்தப் பணம் 1 லட்சம், கடன் 4 லட்சம், மொத்தம் 5 லட்சத்துக்கு ஒரு சிறிய நிறுவனத்தின் பங்கு. முதல் நாள் லோயர் சர்க்யூட்: 4.5 லட்சம். கடன் 4 அப்படியே இருக்கிறது, சொந்தப் பணம் பாதியாகிவிட்டது. மென்பொருள் விற்கப் பார்க்கிறது, லோயர் சர்க்யூட்டில் வாங்க ஆளே இல்லை. இரண்டாம் நாள் காலை திறக்கும்போதே மறுபடி லோயர் சர்க்யூட்: 4.05 லட்சம். சொந்தப் பணத்தில் மிச்சம் 5,000. இன்னும் ஒரு பங்குகூட விற்கவில்லை. மூன்றாம் நாள் கடன் கொடுத்தவரின் பணமே போக ஆரம்பிக்கிறது.

இப்போது அதே ஆள், அல்லது அவருக்குக் கடன் கொடுத்தவர், வேறு பங்குகளும் வைத்திருந்தால் எதை விற்பார்? விற்க முடிந்ததை. பெரிய வங்கி, பெரிய எண்ணெய் நிறுவனம், இன்னும் லோயர் சர்க்யூட் தொடாதது எதுவோ அது. அவசரத்துக்கு விற்கக் கிளம்பினால் முதலில் போவது வீட்டில் இருக்கிற நல்ல பொருள்தான், உடைந்த நாற்காலியை யார் வாங்குவார்? இப்படித்தான் பீதி மோசமான பங்கிலிருந்து நல்ல பங்குக்குத் தாவியது. நல்ல நிறுவனத்தைப் பற்றி யாரும் மனம் மாறவில்லை, கெட்ட செய்தி எதுவும் வரவில்லை.

ஜூலை முதல் வாரத்தில் நிறுவனங்களே ஒரு வழி கண்டுபிடித்தன: ஏதோ ஒரு காரணம் சொல்லித் தங்கள் பங்கின் வர்த்தகத்தை நிறுத்திவைக்கக் கேட்டன. ஜூலை 8 அன்று 1,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், சந்தையில் ஏறக்குறைய பாதி, வர்த்தகத்தில் இல்லை. அவற்றின் முதலாளிகள் பலர் தங்கள் பங்குகளை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார்கள், விலை இன்னும் இறங்கினால் அடமானம் மூழ்கும். அவர்கள் தப்பித்தார்கள். பணம் தேவைப்பட்டவர்கள் மீதிப் பாதியில் போய் விழுந்தார்கள். பாதிக் கதவை அடைத்தால் அடுத்த பாதியில் நெரிசல் இரட்டிப்பாகும், திரையரங்கில் தீ என்று கத்தினால் நடப்பது அதுதான்.

அரசு சும்மா இருக்கவில்லை. ஜூலை 4 அன்று 21 தரகு நிறுவனங்கள் குறைந்தது 12,000 கோடி யுவான் போட்டு வாங்குவதாகவும், குறியீடு 4,500க்குக் கீழே இருக்கும்வரை சொந்தக் கணக்கில் விற்பதில்லை என்றும் உறுதி சொன்னன. புதிய பங்கு வெளியீடுகள் நிறுத்தப்பட்டன. அரசு ஆதரவு பெற்ற நிதி நிறுவனம் நேரடியாக வாங்க இறங்கியது, மக்கள் அதற்கு வைத்த பெயர் "தேசிய அணி". ஜூலை 8 அன்று, 5 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு விற்கக் கூடாது என்று தடை வந்தது. அன்று 3,507 என்று முடிந்த சந்தை மறுநாள் 6 சதவீதம் அளவுக்கு ஏறியது. ஆனால் இப்போது எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: தேசிய அணி வாங்குகிறதா, நிறுத்திவிட்டதா? முன்பு ஆயிரம் பேரைப் பார்த்து ஓடிய கூட்டம் இப்போது ஒரே ஒருவரைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. ஜூலை 27 அன்று ஆதரவு குறைகிறதோ என்ற சந்தேகத்திலேயே 8.5 சதவீதம் விழுந்தது. ஆகஸ்ட் 24 அன்று மறுபடி 8.5.

இதெல்லாம் மந்தைதானா?

மந்தைப் போக்கை அளக்க ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் முறை, சாங், செங், கொரானா 2000இல் முன்வைத்தது. யோசனை எளிது. சந்தை பலமாக ஆடுகிற நாளில் ஒவ்வொருவரும் தன் கணிப்பின்படி நடந்தால் பங்குகளுக்கிடையே வித்தியாசம் விரிய வேண்டும், ஒன்று 2 சதவீதம் விழும், இன்னொன்று 9. எல்லாரும் சந்தையைப் பார்த்தே நடந்தால் வித்தியாசம் சுருங்கும். அவர்கள் பார்த்ததில் தென் கொரியாவிலும் தைவானிலும் சுருங்கியது, அமெரிக்காவிலும் ஹாங்காங்கிலும் சுருங்கவில்லை.

2015 சீனாவுக்கு இந்த அளவுகோலைப் பிடித்தால் ஒரு சங்கடம் வரும். 2,000 பங்குகள் சரியாக 10 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்போது அவற்றுக்கிடையே வித்தியாசம் சுழியம். அளவுகோல் "மந்தை!" என்று கத்தும், ஆனால் அது அளந்தது சுவரை. போதாததற்கு விற்றவர்களில் எத்தனை பேர் அடுத்தவரைப் பார்த்து விற்றார்கள், எத்தனை பேருக்காக மென்பொருள் விற்றது என்பதும் அந்த எண்ணில் தெரியாது. என் கணிப்பு, ஏறும்போது இருந்தது உண்மையான மந்தை, இறங்கும்போது அதில் பெரும்பகுதி கயிற்றில் கட்டி இழுத்துப் போனது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் வைத்தியம் வேறு. தைரியம் சொல்லி நிறுத்தக்கூடியது முதல் வகைதான், கடன் எல்லையைத் தொட்ட மென்பொருளுக்கு நம்பிக்கை ஊட்ட முடியாது.

நான்கு நாள் விதி

இத்தனைக்கும் பிறகு ஆணையம் இன்னொரு வேலி போட்டது. 2016 ஜனவரி 1 முதல் சந்தை முழுவதற்கும் சர்க்யூட் பிரேக்கர்: ஷாங்காய், ஷென்ஜென் இரு சந்தைகளின் 300 பெரிய பங்குகளைக் கொண்ட குறியீடு 5 சதவீதம் நகர்ந்தால் 15 நிமிடம் நிறுத்தம், 7 சதவீதம் நகர்ந்தால் அன்றைக்குக் கடை கட்டிவிட வேண்டியதுதான். அமெரிக்காவில் முதல் கோடு 7, அடுத்தது 13, நடுவே மூச்சுவிட 6 சதவீத இடம் இருக்கிறது. இங்கே 2.

இன்னொரு தேதியும் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. ஜூலை 8 அன்று போட்ட ஆறு மாதத் தடை ஜனவரி 8 அன்று முடிகிறது. பெரிய பங்குதாரர்கள் அன்று விற்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

ஜனவரி 4, ஆண்டின் முதல் வர்த்தக நாள். தொழில் துறைப் புள்ளிவிவரம் சரியில்லை, யுவான் சரிந்துகொண்டிருந்தது. மதியம் 5 சதவீதக் கோடு தொட்டு நின்றது. அந்த 15 நிமிடத்தில் ஆசுவாசமாக யோசிப்பார்கள் என்பது விதியை எழுதியவர்களின் எண்ணம். உட்கார்ந்திருந்தவர்கள் யோசித்தது வேறு: இன்னும் 2 சதவீதம் விழுந்தால் இன்று வெளியே போக முடியாது. திறந்ததும் எல்லாரும் கதவுக்குப் பாய்ந்தார்கள், சில நிமிடங்களில் 7. கோட்டை நெருங்க நெருங்கக் கோடே இழுக்கும் என்பதை ஆய்வாளர்கள் காந்த விளைவு என்பார்கள். ஜனவரி 7 அன்று மதியம் வரைகூடத் தாங்கவில்லை, காலை திறந்து சுமார் கால் மணி நேரத்துக்குள் முதல் கோடு, நிறுத்தம் முடிந்து ஓரிரு நிமிடத்தில் இரண்டாவது கோடு. இடைவேளையைச் சேர்த்தாலும் அரை மணி நேரத்துக்குள் அந்த நாளின் சந்தை முடிந்துவிட்டது.

அன்று இரவே விதியை நிறுத்திவைத்தார்கள். அமலில் இருந்தது 4 வர்த்தக நாள், அதில் 2 நாள் சந்தையை மூடியது. ஜனவரி 8 வெள்ளிக்கிழமை, பிரேக்கர் இல்லாமல், குறியீடு 2 சதவீதம் ஏறி 3,186இல் முடிந்தது. அடுத்த மாதம் ஆணையத் தலைவர் மாற்றப்பட்டார். பெரிய பங்குதாரர்களுக்கு ஆறு மாதத் தடைக்குப் பதிலாகப் புது விதி வந்தது: சந்தையில் மூன்று மாதத்துக்கு மொத்தப் பங்கில் 1 சதவீதத்துக்கு மேல் விற்கக் கூடாது, அதையும் 15 வர்த்தக நாள் முன்பே அறிவித்துவிட வேண்டும். அதாவது ஓடுவதற்கு மூன்று வாரம் முன்னாலேயே, ஓடப்போகிறேன் என்று ஊருக்குச் சொல்லிவிட வேண்டும்.